கூண்டும் குட்டியும் துண்டுச் சீட்டும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): இரண்டு மாத லாப்ரடார் குட்டிக்கு, வளர்ந்த பிறகும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னதால் 42 அங்குலக் கம்பிக் கூண்டு வாங்கினோம். குட்டி ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறுமூலையில் தூங்குகிறது, இரவெல்லாம் அழுகிறது. "வாயில்லா ஜீவனை அடைத்துப் பாவம் தேடாதே" என்கிறார் அத்தை. கூண்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். கடைக்காரர் பாதியைச் சொல்லி, தடுப்புப் பலகை வேண்டும் என்ற மீதியை விழுங்கிவிட்டார். படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த நாய் தயங்கும் என்ற இயல்பை நம்பித்தான் கூண்டுப் பழக்கமே இருக்கிறது. ஆகவே குட்டி எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்கப் போதுமான இடத்தை மட்டும் விட்டு மீதியைத் தடுத்துவிடுங்கள். வளர வளரத் தடுப்பைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வந்த அன்றே கதவைப் பூட்டினால் எந்தக் குட்டியும் அழும். சில நாள் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்குள் வையுங்கள். பிறகு தின்னும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தி, அந்த நேரத்தை நிமிடக் கணக்கில் நீட்டுங்கள். இரவில் கூண்டு உங்கள் படுக்கைக்கு அருகில் இருக்கட்டும். இந்த வயதுக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது என்பதால், நடுவில் அழுதால் கொஞ்சாமல் விளையாட்டுக் காட்டாமல் வெளியே தூக்கிச் சென்று, வேலை முடிந்ததும் திரும்பப் படுக்கவையுங்கள்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த மடக்குக் கூண்டை வாங்கினேன். படத்தில் பெரிதாகத் தெரிந்தது. வந்ததில் பூனைதான் நுழையும். இது மோசடி இல்லையா?

பதில்: படத்தின் கீழே அளவு போட்டிருந்ததாக நீங்களே கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (மேலப்பாளையம் வாசகர்): செருப்பைக் கடித்தால் குட்டியைக் கூண்டில் அடைத்து, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிடுவோம். ஐந்து வயது மகன் கம்பிக்குள் விரலை விட்டபோது கடித்துவிட்டது. நல்ல குணமுள்ள வேறு இனம் எது?

பதில்: இனத்தை மாற்றிப் பயனில்லை. இந்த ஊர் வெயிலில் தகரத்தின் கீழ் அடைத்து வைத்தால் நாய் வெப்பத்தாக்கில் செத்துவிடும். முதலில் கீழே இறக்குங்கள். கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் பிறகு தூங்கவும் அது உள்ளே போகாது. கூண்டுக்குள் நுழைவது, விரல் விடுவது, தூங்கும் குட்டியை இழுப்பது ஆகியவை பிள்ளைகளுக்குக் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது தின்பண்டத்தை உள்ளே போட்டுக் குட்டியைக் கூப்பிடுவது மட்டும் அவர்கள் வேலை. கடிபட்ட விரலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. காட்டவில்லை என்றால் இன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகி): கூண்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பற்றவைத்த இடங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருக்கக் கூடாது. கம்பி இடைவெளியில் குட்டியின் தாடை சிக்கக் கூடாது. அடித்தட்டு வெளியே இழுத்துக் கழுவும்படி இருக்க வேண்டும். நான் வாங்கிய பெயின்ட் அடித்த கூண்டில் நாய் நக்கியே பெயின்ட் உரிந்தது, சிறுநீர் பட்டு அடிக்கம்பி துருவேறியது; இப்போது அது கறிவேப்பிலைக் கன்றுக்கு வேலியாக நிற்கிறது. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டினால் ஆபத்து.

கேள்வி (சங்கரன்கோவில் வாசகர்): அண்ணாச்சி, ஊசி போட்டாயிற்று என்று சொல்லி 40 நாள் குட்டியை 14,000 ரூபாய்க்கு விற்றார்கள். நான்காம் நாள் ரத்தக் கழிச்சல், மருத்துவர் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார், இறந்துவிட்டது. "உங்கள் வீட்டில் வந்த நோய்" என்கிறார் விற்றவர். கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. பிள்ளைகள் கூண்டை எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

பதில்: மிகவும் வருந்துகிறேன். பார்வோ தொற்றிய பின் நோய் வெளிப்படப் பொதுவாக 3 முதல் 7 நாள், சில சமயம் 14 நாள்கூட ஆகும். ஆகவே குட்டி பெரும்பாலும் நோயோடுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. தடுப்பூசி ஆறு வாரத்துக்கு மேல்தான் தொடங்கும்; 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போட்டால்தான் காப்பு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதையே 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

இந்த 'எஸ்டிமேட்' சீட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. நான் மின்விசிறி வாங்கிய கடையிலும் "பில் என்றால் ஜிஎஸ்டி கூடும்" என்று இதைத்தான் நீட்டினார்கள். விசிறி நின்றபோது அந்தச் சீட்டில் கடைப்பெயர்கூட இல்லை. பில் தராததும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிப்போய்விடாது. நாம்தான் நூறு ரூபாய் மிச்சம் என்று வாயை மூடிக்கொண்டு வருகிறோம்.

சீட்டு, பணம் அனுப்பிய கைபேசிப் பதிவு, விற்றவரின் வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழி கேட்க 1915 என்ற எண்ணில் அழையுங்கள். நாய்ப் பார்வோ பிள்ளைகளுக்குத் தொற்றாது. ஆனால் கிருமி மாதக்கணக்கில் தங்கும் என்பதால் கூண்டைப் பிளீச்சிங் கரைசலில் கழுவுங்கள். தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை இப்போதைக்கு அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி (நாங்குநேரி வாசகர்): குட்டி வாங்கினால் கூண்டு இலவசம் என்கிறார்கள். தாய் நாயைக் காட்ட மறுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.