அவள் வாயால் அவளே கேட்கட்டும்

வணக்கம் ஐயா,

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். தமிழ் வகுப்பில் எழுந்து பேசவேண்டிய நாள் என்றால் காலையிலேயே வயிற்றுவலி. வயிற்றில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உறவினர் வீடுகளுக்கு வர மறுக்கிறாள். கடையில் பரோட்டா வாங்கக்கூட நான்தான் கேட்கவேண்டும். "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்கிறாள். கூச்சம்தான், வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். அப்படியே விட்டுவிடலாமா?

ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். கூச்சப்படும் பிள்ளை தயங்கித் தயங்கியாவது பேசிவிடும். பேசவேண்டிய நாள் என்றாலே வயிறு வலிக்கிறது என்றால் அது கூச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த வலி நடிப்பும் அல்ல. பதற்றம் வயிற்றையும் பிடிக்கும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சங்கடப்படவைக்கும் படம் போட்ட சட்டையை அணிவித்து மாணவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் அவள் நம்பமாட்டாள். ஏனென்றால் நாம் அவளை எடைபோடுவது உண்மை. தீபாவளிக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றுமுன்னே தொடங்கிவிடுகிறோம்: எந்தப் பள்ளி, எத்தனை புள்ளி, ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய்? தமிழில் ஒரு சொல் தடுமாறினால் கூடமே சிரிக்கிறது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் முறை 2021இல் மாறியது. உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண்படி பிள்ளைகளைப் பிரித்த விரைவு, வழக்கநிலைப் பிரிவுகள் 2024இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இல்லை. கேள்வி கேட்கும் நாம் மாறவில்லையே என்பது எனக்குப் பெரிய வேதனை. அடுத்தமுறை யாராவது கேட்டால், அவளுக்கு முன்னாலேயே, "அதைப் பேசவேண்டாம் அக்கா" என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்தப் பரோட்டாக் கடை. அவளுக்காக நீங்கள் கேட்டவுடன் அவள் முகம் தெளிந்துவிடும். அந்த நிம்மதிதான் சிக்கல். "அம்மா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ" என்று மனம் கணக்குப் போட்டு, அடுத்தமுறை இன்னும் அஞ்சும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள். முதலில் நீங்கள் பக்கத்தில் நிற்க, "இரண்டு கோசோங்" (வெறும் பரோட்டா) என்று அவள் கேட்கட்டும். பிறகு நீங்கள் மேசையில் இருங்கள். குரல் கம்மினாலும் குறுக்கே புகுந்து உதவாதீர்கள். தமிழாசிரியரிடமும் இதையே கேளுங்கள்: முதலில் ஆசிரியர் முன் தனியாக, அடுத்து இரண்டு தோழிகளோடு, அப்புறம் வகுப்பில்.

வாரக்கணக்கில் மாற்றம் இல்லையென்றால் பள்ளி ஆலோசகர் இருக்கிறார். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துப் பழக்கும் சிகிச்சை இத்தகைய பதற்றத்திற்கு நன்கு பலன் தருகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயது வரையிலானோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அறிகுறிகள் தமக்கு இருப்பதாகக் கூறியிருக்கிறார்கள்.

ஆலோசகரைப் பார்க்கப் போவதை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதானே அவளுடைய அச்சம்.