பணக்கார அரசியல்வாதிகளுக்கு உழைக்கிறவர்களின் பாடு ஏன் புரிவதில்லை?

புரியாமல் போவதற்கு வசதியாகத்தான் அவர்களைச் சுற்றி எல்லாம் அமைந்திருக்கிறது என்பது என் பதில்.

2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்னிடம் “உங்களுக்கு எத்தனை வீடு?” என்று கேட்டார்கள். உதவியாளர்களைச் சொல்லச் சொல்கிறேன் என்றார். 2022இல் பிரிட்டன் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக், காருக்குப் பெட்ரோல் போடுவதுபோல் படம் எடுத்துக்கொண்டார். கார் அந்த பங்கை நடத்திய சூப்பர் மார்க்கெட்டின் ஊழியர் ஒருவருடையது, இரவல். ஊரே சிரித்தது. சரி, சிரிக்க வேண்டியதுதான். ஆனால் மெக்கெய்ன் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லியிருந்தால் மட்டும் வாடகைக்கு இருப்பவன் கவலை அவருக்குத் தெரிந்திருக்குமா?

நான் சில வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். ஒருமுறை ஒரு தலைவர் பார்வையிட வந்தார். முந்தின நாள் இரவே தரையில் இருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவினோம். எங்கள் பக்கத்து ஃபேன் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. அலுவலக அறையிலிருந்து ஒன்றைக் கழற்றிவந்து மாட்டினார்கள். வந்தவர் நேரே என்னிடம், “எல்லாம் வசதியா இருக்கா தம்பி?” என்றார். அவர் தோளுக்குப் பின்னால் மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்குங்க ஐயா” என்றேன். அவரும் மனசார நம்பித்தான் போயிருப்பார். மறுநாள் ஃபேன் பழையபடி அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இப்படியே பார்த்துப் பழகினவர் கணக்கில் ஒரு நாள் கூலி என்பது வரவே வராது. உதவித்தொகைக்கு மூன்று தடவை நேரில் வா என்று விதி எழுதுகிறவருக்கு அது மூன்று கையெழுத்து. நாள் கூலிக்காரருக்கு மூன்று நாள் வருமானம் போச்சு. வருகிற தொகை அதற்கே சரியாகிவிடும்.

பணக்காரர் என்றாலே இப்படித்தான் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பரம்பரைப் பணக்காரர். அமெரிக்கா முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் அவர் ஆட்சியில்தான் வந்தது. அதற்காகப் போராடியவர் அவருடைய தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தபோது, தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர் அந்த அம்மா. அன்றைக்கு அவருக்காக யாரும் தரையைக் கழுவி வைத்திருக்கவில்லை.

அப்புறம், உழைக்கிறவர்களே ஏன் நாடாளுமன்றத்தில் போய் உட்காருவதில்லை என்றும் கேட்கலாம். பிரிட்டனில் எம்.பி.க்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று, தொழிலாளர்களுக்கும் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்தார் 1838இலேயே கேட்டார்கள், கிடைத்தது 1911இல். அதுவரை சொத்து உள்ளவரோ, யாராவது படியளந்து அனுப்பியவரோதான் போக முடிந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் சம்பளம் உண்டு, ஆனால் ஜெயித்த பிறகுதானே!

எங்கள் ஷிஃப்டில் ஒரு அண்ணன் இருந்தார். யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் முன்னால் போய் நிற்பார். சாப்பாட்டு இடைவேளையில் ஒருநாள், “நீங்க எலெக்‌ஷன்ல நில்லுங்கண்ணே” என்று எல்லோரும் பிடித்துக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி நாள் எண்ண ஆரம்பித்தார். “ஒரு மாசம் லீவு... அந்த மாசச் சம்பளம்...” என்று இரண்டாவது விரலுக்கு வரும்போது மணி அடித்துவிட்டது. எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார்.