மாட வீதி வெளிச்சம் – கடிதம்

அன்புள்ள சார்,

மந்தைவெளியில் இருக்கிறேன். ஒரு வருடமாகப் படம் எடுத்துப் பழகுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு பதினொரு மணிவாக்கில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றுவேன். மற்ற நாட்களில் ஆபீஸ் விட்டு வரும்போது பூக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். கீரை வாங்கும் தாத்தாவின் முகம் கறுத்துப்போய் வேட்டி வெளுத்துவிட்டது. பூ கட்டும் அம்மா படத்தில் கை கலங்கியிருக்கிறது. மறுநாள் ஷட்டர் வேகத்தை 1/500க்குக் கூட்டி எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை. மூன்றாவதில் பஸ் போர்டில் பாதி எழுத்தைக் காணோம். இது போக, கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. யாரையாவது கேட்டு எடுக்கலாம் என்றால் கூச்சம். கேமராவை மாற்றட்டுமா, இல்லை 50 எம்எம் லென்ஸ் மட்டும் வாங்கட்டுமா?

எஸ்., மந்தைவெளி

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் உள்ள குறைகளும் எந்தக் கேமராவிலும் வரக்கூடியவைதான்.

தாத்தா படத்தைப் பார்ப்போம். உச்சி வெயில் நேராக மண்டையில் இறங்கும்போது புருவ எலும்பே கண்ணுக்குக் கூரையாகிவிடுகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. கீழே வெள்ளை வேட்டி அதே வெயிலை அப்படியே திருப்பி அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கேமராவால் ஒரே படத்தில் அடக்க முடியாது. எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை) 0.7 குறைத்தால் வேட்டியின் மடிப்பும் கரையும் தெரியும், ஆனால் முகம் இன்னும் இருண்டுபோகும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுத்துப் பிறகு முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கலாம்தான். தூக்கிய இடமெல்லாம் மணல் தூவினாற்போலப் புள்ளி பூத்திருக்கும்.

சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும், கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அந்த இரண்டு தேதிக்கும் நடுவே உள்ள மாதங்களில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் ஆப் வேண்டியதில்லை, தரையைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும் வரை முகங்களை எடுக்கலாம். பங்குனியில் சூரியன் ஆறேகாலுக்கு முன்பே உதிக்கிறது. எட்டேகாலுக்கு நிழல் உங்கள் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒன்பதேகாலுக்கு ஏறக்குறைய சமம். அதற்குப் பிறகு மாலை மூன்று மணி வரை முகத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது பாருங்கள். சமையலைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு மாலை.

மாட வீதியில் இன்னொரு வசதி உண்டு. வடக்கு மாட வீதியும் தெற்கு மாட வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதால் காலை வெயில் தெருவின் நீளத்துக்கு ஓடிவரும். கிழக்குப் பார்த்து நின்றால் நடந்து வருபவர்களின் தலைமுடியிலும் தோளிலும் வெளிச்சக் கோடு விழும். மேற்குப் பார்த்து நின்றால் எதிரே வருபவர்களின் முகத்தில் முழு வெயில். மார்கழியில் உதயம் 24 டிகிரி தெற்கே நகர்ந்துவிடுவதால் தெருவின் வடக்குச் சிறகில் உள்ள சுவர்களுக்கு வெயில், தெற்குச் சிறகு நிழல். ஆனியில் இது தலைகீழ். மார்கழியில் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 56 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. பகல் முழுக்கப் படம் எடுக்க இந்த ஊரில் அதைவிட நல்ல மாதம் இல்லை. கச்சேரிக் கூட்டம் வேறு இலவசம். கபாலி கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கே இருக்கிறது. அதன் சிற்பங்கள் வேண்டுமென்றால் காலையில் கிழக்கு மாட வீதிக்குப் போங்கள். மேற்கே உள்ள குளக்கரையில் நின்றால் காலையில் கோபுரத்தின் இருண்ட வடிவம்தான் கிடைக்கும்.

வெயில் ஏறிவிட்டால் நிழலில் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், நீலத் தார்ப்பாயின் கீழ் மட்டும் வேண்டாம். தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் பாதி அதன் கீழேதான். மேலிருந்து நீல ஒளி தலையில் இறங்குகிறது, வெளியே வெயில் பட்ட ரோட்டிலிருந்து மஞ்சள் ஒளி தாடையில் ஏறுகிறது. ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமனை) எப்படித் திருப்பினாலும் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும். தக்காளி ஊதாவாகத் தெரியும். கடைக்காரர் தார்ப்பாயின் விளிம்புக்கு ஒரு அடி முன்னால் வரும் தருணத்துக்குக் காத்திருங்கள். எடை போட்டுப் பையில் கொட்டும்போது தானாகவே வருவார். ஆரஞ்சுக் குடைக்கும் இதே கதை. சிமெண்ட் கூரை, வேப்பமரம், எதிரே வெள்ளைச் சுவர் உள்ள திண்ணை இவையெல்லாம் நல்ல நிழல்.

இனி பூக்கடைப் படம். அனுப்பியதில் இதுதான் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். படத்தோடு வந்த விவரத்தில் 55 எம்எம் (முழு ஜூம்), எஃப்/5.6 (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறிது), 1/40 (ஷட்டர் திறந்திருந்த நேரம், நொடியில்) என்று இருக்கிறது. கூச்சத்தால் தள்ளி நின்று ஜூம் செய்திருக்கிறீர்கள், அங்கேதான் கை கலங்கியது. இந்த லென்ஸ் 18இல் எஃப்/3.5 வரை திறக்கும். 55க்கு இழுத்தால் 5.6க்குச் சுருங்கிவிடும். அதாவது உள்ளே வரும் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. அதைச் சரிக்கட்டக் கேமரா ஷட்டரை மெதுவாக்கிவிட்டது.

மறுநாள் வேகத்தை 1/500க்கு ஏற்றியபோது பட்டை வந்ததற்குக் காரணம் கடையில் தொங்கும் எல்இடி பல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான பல்பு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/500இல் ஷட்டர் முழுச் சட்டத்தையும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை, ஒரு குறுகிய இடுக்காக மேலிருந்து கீழே ஓடுகிறது. பல்பு மங்கிய கணத்தில் இடுக்கு இருந்த இடமெல்லாம் கறுப்புப் பட்டை. 1/100 வைத்தால் பல்பின் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். 1/50லும் வராது. போனில் எடுத்தாலும் இதேதான், செட்டிங்கில் ஃப்ளிக்கர் என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள்.

ஆக, ஷட்டர் 1/100, லென்ஸ் 18-20 எம்எம் பக்கம், அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) முழுதாக, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற எண்) 1600இல் தொடங்கி தேவைப்பட்டால் 3200. பூ கட்டும் கைக்கு 1/100 போதாது என்பீர்கள். உண்மைதான், கை ஓடிக்கொண்டிருக்கும்போது போதாது. ஆனால் அது விடாமல் ஓடுவதில்லை. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு வைத்து, வாழைநாரைச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி போட்டு, உள்ளே நுழைத்து இழுக்கிறார்கள். இழுத்து முடிச்சு இறுகும் இடத்தில் கை ஒரு கணம் நிற்கும். அங்கே அழுத்துங்கள். இரண்டு மூன்று கண்ணி பார்த்தாலே தாளம் பிடிபட்டுவிடும். ஃபோகஸ் புள்ளியை நடுவிலிருந்து நகர்த்தி நார் பிடித்த கட்டைவிரலில் வையுங்கள். உங்கள் படத்தில் அது பின்னால் உள்ள வாழை இலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பஸ்ஸின் எல்இடி போர்டும் அந்தப் பல்புக்கு உறவுக்காரன்தான். எழுத்து வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைகின்றன. 1/50, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது. முழு எண்ணும் வரும்.

தூக்குவதற்குள் முடிந்துவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. லென்ஸை 18இல் வையுங்கள். அபர்ச்சர் எஃப்/8. ஆறரை அடி, அதாவது 2 மீட்டர் தள்ளியுள்ள ஒரு கடைப் பலகை எழுத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப்பிலிருந்து (தானாக ஃபோகஸ்) எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ்) மாற்றிவிடுங்கள். லென்ஸில் பொத்தான் இல்லையென்றால் மெனுவில் இருக்கும். இனி சுமார் மூன்றரை அடியிலிருந்து தெருமுனை வரை எல்லாமே ஏறக்குறைய தெளிவாக இருக்கும். கேமரா ஃபோகஸ் தேடி விழிக்காது. நடப்பவர்களுக்கு ஷட்டர் 1/250, சைக்கிளுக்கு 1/500. காலை வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100 முதல் 200, நிழலுக்கு 800க்கு மேல். ஒரே ஆபத்து, தெரியாமல் ஜூம் வளையம் திரும்பிவிட்டால் ஃபோகஸும் நகர்ந்துவிடும், அன்று எடுத்தது அத்தனையும் மங்கல். வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆட்களைத் துரத்தவும் வேண்டாம். சுவரில் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருக்கும் இடத்தைப் பார்த்து, எக்ஸ்போஷரை அந்த வெயிலுக்குப் பூட்டிவிட்டு, அங்கேயே பதினைந்து நிமிடம் நில்லுங்கள். மாட வீதியில் பதினைந்து நிமிடத்தில் பால்காரர், ஸ்கூல் பை, தேங்காய் மூட்டை, மாடு எல்லாம் தாமாக வந்து அந்தக் கட்டத்தைக் கடந்து போகும். நின்றுகொண்டிருப்பவரை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கவனிப்பதில்லை. தெருவில் தூங்குபவர்களை எடுக்காதீர்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகளை எடுப்பதென்றால் கூட இருப்பவரிடம் கேட்டுவிட்டு.

50 எம்எம்மைப் பொறுத்தவரை, உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் ஒருவரைத் தலை முதல் கால் வரை அதில் அடக்கக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் பின்னால் போக வேண்டும். வடக்கு மாட வீதியில் நான்கு மீட்டர் பின்னால் போனால் ஆட்டோவுக்கு அடியில் இருப்பீர்கள். ஒரு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் 35 எம்எம் எஃப்/1.8 பாருங்கள், அதற்கு இரண்டே முக்கால் மீட்டர் போதும். அதற்கு முன் இருக்கும் லென்ஸுக்குள் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, சர்வீஸுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். சுத்தமாக இருந்தால் துணிப் பையிலோ பீரோவிலோ வைக்காமல், ரப்பர் விளிம்புள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழையபடி ஆகிவிடும். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள்.

கூச்சத்துக்கு மருந்து எதுவும் என்னிடம் இல்லை, நடைமுறை ஒன்று உண்டு. கடைக்கு முன்னால் நிற்பவர் வாடிக்கையாளரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அதனால் முதலில் இரண்டு முழம் வாங்குங்கள். பிறகு, "நீங்க கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கவாம்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், ஆனால் உடனே கையை நிறுத்திவிட்டு கேமராவைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள். அதையும் ஒன்று எடுங்கள், அவர்களுக்கு வேண்டியது அந்தப் படம்தான். அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் கை தானாக நாருக்குத் திரும்பும், உங்களுக்கு வேண்டியது அப்போது கிடைக்கும். அடுத்த வாரம் நேராகப் பார்த்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். லேமினேட் செய்து கொடுங்கள், பூக்கடையில் எந்நேரமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள்.