வாங்கி விட்ட புழு எங்கே போனது? மண்ணுயிர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மண்புழு உரக்கூடத்தில் இரண்டு கிலோ புழு வாங்கி வயலில் விட்டேன். ஒரு மாதத்தில் ஒன்றையும் காணோம். பூச்சிமருந்து கொன்றுவிட்டதா?

பதில்: மருந்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்தப் புழு வயலில் வாழும் இனமே அல்ல. உரக்கூடங்களில் பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புழுவையும் ஐசீனியா என்ற புழுவையும்தான் வளர்க்கிறார்கள். சாணமும் குப்பையும்தான் அவற்றின் வீடு. வெறும் மண்ணில் விட்டால் தீனியும் இல்லை, நிழலும் இல்லை. நம் நிலத்துக்கு உரியது லாம்பிட்டோ மாரிட்டி என்ற நாட்டுப்புழு. வெயில் காலத்தில் ஆழத்தில் சுருண்டு கிடக்கும். ஈரம் கண்டதும் மேலே வந்து மட்கிய இலைதழையைத் தின்னும். அது போட்ட துளை வழியேதான் மழைநீரும் காற்றும் உள்ளே இறங்குகின்றன. டார்வின் 1881இல் வெளியிட்ட மண்புழு நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண், புழுக்களின் குடல் வழியே மேலே வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார். கூலி கேட்காத உழவு அது! தயவுசெய்து இனிப் புழு வாங்காதீர்கள். ஒரு பாத்தியில் மட்டும் சருகு, வைக்கோலால் மூடாக்குப் போட்டு, ஈரம் காயாமல் காத்துவாருங்கள். மழைக்குப் பிறகு புழு எச்சம் எந்தப் பக்கம் குவிகிறது என்று பாருங்கள்.

கேள்வி: நிலக்கடலை வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு. நோயா?

பதில்: நகத்தால் நெருடுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருந்து எளிதில் உதிர்ந்தால், அது ரைசோபியம் வகை பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு. கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம், நம் இரத்தச் சிவப்புக்கு உறவு. முடிச்சு உதிராமல் வேரே வீங்கியிருந்தால், வேருக்குள் புகுந்து தின்னும் நுண்ணிய நூற்புழுவின் வேலை, அதுதான் நோய்.

கேள்வி: வைக்கோலை மடக்கி உழுது உடனே நட்டேன். பயிர் வெளுத்துவிட்டது. இயற்கை வழி என்றார்களே?

பதில்: வழி சரி, அவசரம்தான் தவறு. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் (கார்பன்). அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுக்கு அந்தத் தழைச்சத்து போதாது. மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்கின்றன. பயிர் பட்டினி கிடக்கிறது. அந்தச் சத்து எங்கும் போய்விடவில்லை. அந்த நுண்ணுயிர்கள் மடியும்போது மண்ணுக்கே திரும்பும். அடுத்த முறை தழைச்சத்து மிகுந்த பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டோடு சேர்த்து, நடவுக்குச் சில வாரம் முன்பே மடக்கி உழுங்கள்.

கேள்வி: கரையானை அடியோடு ஒழிக்க என்ன செய்யலாம்?

பதில்: ஒழிக்க வேண்டாம். பெரும்பாலான கரையான்கள் காய்ந்த சருகையும் கட்டையையும் தின்று மண்ணாக்குபவை. அவை பச்சைப் பயிரில் வாய் வைப்பது பெரும்பாலும் வேறு தீனி இல்லாத வறட்சியில்தான். வரப்போரம் காய்ந்த சருகைப் போட்டு வையுங்கள்.