ஐரிஷ் நடனத்தில் கைகள் ஏன் அசைவதில்லை?

கால்கள் மின்னலாய்ப் பாயும்போது கைகள் மட்டும் ஏன் உடலோடு ஒட்டி நிற்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கான விடையை, 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் சில வாரங்கள் தங்கிக் கற்பித்த நடன ஆசிரியர்களிடமிருந்து தொடங்க வேண்டும். நிமிர்ந்த உடலும் அடங்கிய கைகளும் நன்னடத்தையின் அடையாளம் என்று கருதிய அவர்கள், கலையின் முழு நுணுக்கத்தையும் பாதங்களிலேயே தேடினார்கள். மண்தரை வீடுகளில் கதவைக் கழற்றிக் கிடத்தி அதன்மேல் ஆடும் வழக்கம் இருந்தது. அந்தச் சிறு பலகையில் ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்கும் என்பதால், ஆடுபவரின் காலே தாளக்கருவியும் ஆனது.

ஆனால் இன்று நாம் காணும் இறுக்கம் பெரும்பாலும் பிற்காலத்தது. 1893இல் தொடங்கிய கேலிக் லீக் என்னும் அமைப்பு, ஐரிஷ் மொழியோடு நடனத்தையும் தேசிய அடையாளமாக உயர்த்தியது. அதன் போட்டிகளின் வழியாகத் தெற்கிலுள்ள மன்ஸ்டர் மாகாணத்தின் கட்டுப்பாடான பாணி பொது இலக்கணமாயிற்று. பாதிரிமார் தடுத்ததால்தான் கைகள் அடங்கின என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அப்படியானால் நாடெங்கும் கைகள் அடங்கியிருக்க வேண்டும்; ஆனால் மேற்குக் கரையின் கானமாராவில் ஷான்-நோஸ் என்னும் பழைய பாணியை ஆடுவோர் இன்றும் கைகளை இயல்பாக வீசுகிறார்கள். போட்டிப் பாணியில் வளர்ந்த மைக்கேல் பிளாட்லியோ, 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாடல் போட்டியின் இடைவேளையில் அரங்கேறிய ரிவர்டான்ஸ் என்னும் நடன நிகழ்ச்சியில், கைகளை அகல விரித்தபடியே மேடையில் பாய்ந்தார்.