தன் மண்ணின் நிலக்காட்சியையும் கெல்டிய மரபையும் படமெடுத்த உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர் என்று யாரைச் சொல்வீர்கள்?

தயக்கமின்றி கிறிஸ் கில்லிப்பைச் சொல்வேன். புகைப்பட வரலாறு படித்தவர்களுக்கு அவர் 1970களிலும் 80களிலும் இங்கிலாந்தின் வடகிழக்கில், கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடப்பட்ட ஊர்களில் எடுத்த படங்களால்தான் தெரிந்திருக்கும். அதற்கு முன்பு அவர் தன் சொந்தத் தீவில் 1970களின் தொடக்கத்தில் எடுத்த படங்களைத்தான் நான் இங்கே குறிப்பிடுகிறேன். லிவர்பூலில் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் கேமராவைத் தோளில் மாட்டித் திரியும் எனக்கு, அந்தப் படங்கள் பல ஆண்டுகளாகப் பாடமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்து வருகின்றன. வெட்கம் ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் தீவு ஐல் ஆஃப் மேன். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில், 572 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தத் தீவு பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்தது. ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலையில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரிலுள்ள படிப்படியான புல்மேட்டின் மீது அது கூடும்போது, அந்த ஆண்டின் சட்டங்கள் ஆங்கிலத்திலும் மாங்க்ஸ் மொழியிலும் மக்கள் முன் அறிவிக்கப்படுகின்றன. மாங்க்ஸ், ஐரிஷுக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கும் உடன்பிறந்த கெல்டிய மொழி. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், பிரிட்டனி ஆகியவற்றோடு ஆறாவது கெல்டிய நாடாக இந்தத் தீவைச் சேர்த்து எண்ணுவது வழக்கம். பகைவர் கண்ணில் படாதபடி கடற்கடவுள் மனனான் தன் மேலாடையை விரித்துத் தீவை மூடிவிடுவார் என்பது பழங்கதை. 621 மீட்டர் உயரமுள்ள ஸ்னேஃபெல் மலை நண்பகலில் கண்முன்னே காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று விளக்கத் தேவையில்லை.

கில்லிப் 1946இல் தீவின் தலைநகரான டக்ளஸில் பிறந்தார். பெற்றோர் மதுவிடுதி நடத்தியவர்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்டு விடுதி நிர்வாகம் பழகச் சேர்ந்த அவர், ஒரு பிரெஞ்சு இதழைப் புரட்டியபோது, இரண்டு மது பாட்டில்களை அணைத்துக்கொண்டு பெருமிதமாக நடந்துவரும் சிறுவனைப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்டியே-பிரெசோன் எடுத்த படத்தைப் பார்த்து, புகைப்படக்காரராகிவிடுவது என்று முடிவு செய்தார். 1964இல், தீவை விட்டுப் போவதற்கான பணத்தைச் சேர்க்க, கடற்கரையில் விடுமுறைக்கு வந்தவர்களைப் படமெடுத்து விற்றார். அதே ஆண்டு இலண்டனுக்குச் சென்று விளம்பரப் புகைப்படக்காரர் ஏட்ரியன் ஃபிளவர்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1969இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வாக்கர் எவன்ஸ், பால் ஸ்ட்ராண்ட் போன்றோரின் படங்களை நேரில் கண்ட பிறகுதான், விளம்பரத் தொழிலை விட்டுவிட்டுத் திரும்பி வந்து தன் தீவைப் படமெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. பகலில் படமெடுத்தார், இரவில் தந்தையின் மதுவிடுதியில் வேலை செய்தார். 1971இல் லீ விட்கின் என்ற நியூயார்க் காட்சிக்கூட உரிமையாளர் ஒரு படத்தொகுப்பைக் கேட்டு முன்பணம் கொடுத்ததால்தான் அந்த வேலை தடையின்றி நடந்தது.

கேள்வியிலுள்ள ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: ஊரில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. கில்லிப் ஐந்து ஆண்டுகள் வெளியே இருந்து, பிறர் எடுத்த படங்களின் வழியாகத் தன் ஊரைப் பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பியவர். போகாமலேயே இருந்திருந்தால் கடற்கரைப் படங்களை நன்றாக விற்றுக்கொண்டிருந்திருப்பார். திரும்பாமல் இருந்திருந்தால் விளம்பரத் துறையில் இன்னொரு பெயராகியிருப்பார்.

அவர் திரும்பிய காலமும் முக்கியம். 1960களின் தொடக்கத்திலிருந்தே தீவின் அரசு வரியைக் குறைத்து, வசதி படைத்த வெளியாரை வந்து குடியேறுமாறு அழைத்துக்கொண்டிருந்தது. நிதித் தொழில் வளரத் தொடங்கியது. மீன்பிடிப்பும் சிறு பண்ணைகளும் சுருங்கிக்கொண்டிருந்தன. மாங்க்ஸைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் ஒரே ஒருவர் எஞ்சியிருந்தார்: க்ரெக்னீஷ் பகுதியைச் சேர்ந்த நெட் மேட்ரல் என்ற மீனவர். 1974 டிசம்பர் 27 அன்று தம் 97ஆம் வயதில் அவர் இறந்தபோது, தொட்டிலிலிருந்து வாய்வழி வந்த மாங்க்ஸின் கடைசிக் கண்ணி அறுந்தது. அவருடைய குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம், 1947இல் தீவுக்கு வந்து அவரைச் சந்தித்த அயர்லாந்துத் தலைவர் டி வலேரா. அடுத்த ஆண்டே ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் ஒலிப்பதிவுக் கருவிகளோடு ஆளை அனுப்பி, அன்று உயிரோடிருந்த பேச்சாளர்களின் குரல்களைத் தட்டுகளில் பதிந்து வைத்தது. கில்லிப்பின் படங்களை நான் அந்த ஒலித்தட்டுகளோடு சேர்த்தே நினைப்பேன். தட்டுகளில் இருப்பது அந்தத் தலைமுறை பேசிய மொழி. படங்களில் இருப்பவை, அந்த மொழி பேசிய வீடுகளில் வளர்ந்து ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் முகங்கள்.

அவர் பயன்படுத்தியது முக்காலியில் நிறுத்தி இயக்கும் பெரிய தகட்டுக் கேமரா. அதைக் கையாளாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், பின்புறத்துப் பால்கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். கூர்மையைச் சரிசெய்த பிறகு கண்ணாடி இருந்த இடத்தில் படத்தாள் வைத்த சட்டத்தைச் செருகியாக வேண்டும். அந்தக் கணத்திலிருந்து படமெடுப்பவருக்குக் கேமராவின் வழியே எதுவுமே தெரியாது. அவர் துணியிலிருந்து வெளியே வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, எதிரே இருப்பவரை வெறுங்கண்ணால் பார்த்தபடி மூடுதிறப்பியை (ஷட்டரை) அழுத்துவார். ஒரு தாளுக்கு ஒரு படம். இந்தக் கருவியால் யாரையும் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. எதிரே இருப்பவர் சம்மதித்து, கையை எங்கே வைப்பது என்று யோசித்து, யோசிப்பதையும் விட்டுவிட்டு, வெறுமனே நிற்கும் நிலைக்கு வந்து சேர நேரம் இருக்கிறது. கில்லிப்பின் விவசாயிகளும் மூதாட்டிகளும் சிரிப்பதில்லை. ஆனால் அவர்கள் இறுக்கமாகவும் இல்லை. தன் வாசற்படியில் நிற்பவருக்கு இருக்கும் உரிமை அந்த முகங்களில் இருக்கிறது.

அந்த முகங்களுக்கு இடையிடையே நிலம் வருகிறது. கல்லடுக்கிய வேலிகள், காற்றில் ஒரு பக்கமாகவே சாய்ந்து வளர்ந்த மரங்கள், கூரை போன கல்வீடுகள். பாழடைந்த அத்தகைய வீட்டுக்கு ‘தோல்டன்’ என்ற மாங்க்ஸ் சொல் இன்றும் அங்கே ஆங்கிலப் பேச்சில் வழங்குகிறது; மொழி போனாலும் இடிபாட்டுக்கு அதன் சொல் நின்றுவிட்டது. அந்தச் சுவரை அடுக்கிய கைகள் எப்படி இருக்கும் என்று அடுத்த பக்கத்தில் ஒரு முதியவரின் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கல்லின் சொரசொரப்பும் தோலின் சுருக்கமும் ஒரே அளவு துல்லியத்தோடு பதிந்திருப்பதால் நிலமும் ஆளும் ஒன்றை ஒன்று விளக்குகின்றன. கெல்டிய மரபைக் காட்ட அவர் முடிச்சுக் கோலங்களையோ நெடுங்கற்களின் பின்னே சிவக்கும் வானத்தையோ நம்பவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். இணையத்தில் ‘கெல்டிய’ என்று தேடினால் கொட்டும் படங்களில் மனிதர் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் மேலங்கி போர்த்தித் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மரபு எங்கே இருக்கிறது என்றால், படத்தின் அடியிலுள்ள குறிப்பில் இருக்கிறது. பல படங்களுக்கு அவர் வைத்த தலைப்பு, திரு அல்லது திருமதி என்ற அடைமொழி, குடும்பப் பெயர், பிறகு பண்ணையின் பெயர், அவ்வளவுதான். பண்ணைப் பெயர்கள் பெரும்பாலும் ‘பாலா’ என்று தொடங்குகின்றன. குடியிருப்பு, பண்ணை என்று பொருள்படும் மாங்க்ஸ் சொல்லின் வடிவம் அது. குன்றுக்கு ‘க்ரோங்க்’, மலைக்கு ‘ஸ்லூ’. குடும்பப் பெயர்கள் பல க ஒலியில் தொடங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. ‘மகன்’ என்று பொருள்படும் ‘மேக்’ என்ற முன்னொட்டு பேச்சில் தேய்ந்து, அதன் ஈற்றிலிருந்த ககர ஒலி மட்டும் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘மேக் ஃபிலிப்’ தேய்ந்து ‘கில்லிப்’ ஆயிற்று. படமெடுத்தவரின் பெயரே அந்த மொழியின் எச்சம். அவ்வளவு சிறிய தீவில், கதவைத் தட்டி அந்தப் பெயரைச் சொன்னால், மதுவிடுதிக்காரர் மகன் என்று அடையாளம் கண்டுகொள்ளப் பலர் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பால் ஸ்ட்ராண்டை ஒப்பிடத் தோன்றுகிறது. அமெரிக்கரான அவர் 1954இல் ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவுக்குச் சென்று, கேலிக் பேசும் மக்களையும் அவர்களின் கடற்கரைப் புல்வெளிகளையும் சுமார் மூன்று மாதம் படமெடுத்தார். முகம், நிலம், முகம் என்று அடுக்கும் முறையை கில்லிப் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்ட்ராண்டின் படங்கள் கம்பீரமானவை, கலை நுட்பத்தில் ஒருவேளை மேலானவையும்கூட. ஆனால் அவற்றில் விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை தெரிகிறது. கில்லிப்பின் படங்களில் சிலர் அவரைப் பார்க்கும் பார்வையில், ‘இவனுக்கு வேறு வேலையே இல்லையா’ என்ற இலேசான சலிப்புகூட இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைச் சொந்தக்காரர்கள்தான் காட்ட முடியும்.

என் வெட்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் லிவர்பூலிலிருந்து கப்பலேறி டக்ளஸில் இறங்கி மூன்று நாள் தங்கினேன். தென்கோடியிலுள்ள க்ரெக்னீஷில், 1938 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் பழங்குடிசையின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். வைக்கோல் கூரையின் மீது கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, சுவரிலிருந்து அதற்கென்றே துருத்தி நிற்கும் கற்களில் கட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் கடற்காற்று கூரையைத் தூக்கிப் போய்விடும். இரண்டு நாள் மனனானின் ஆடை மலையை மறைத்தது. மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஊர் திரும்பி எண்ணிப் பார்த்தால் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள். அனைத்திலும் கூரை, கல், மேகம், நான்கு கொம்புள்ள லாக்டன் ஆடு. மனிதர் இருந்த படம் ஒன்றே ஒன்று: வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவரைச் சாலையிலிருந்தே, கேட்காமல், நெடுந்தொலைவு லென்ஸால் எடுத்தது. அதில் அவருடைய முதுகுதான் இருக்கிறது. கூரைக் கயிற்றைப் பற்றி அரைமணி நேரம் வியந்த எனக்கு, அவரிடம் போய் வணக்கம் சொல்லத் துணிவில்லாமல் போயிற்று.

கில்லிப்பின் மீது குறை சொல்ல இடமில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1907 முதல் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் சுற்றுலா விடுதிகளும் அன்றைய தீவின் வாழ்க்கையில் பெரும்பங்கு வகித்தன. அவரையே தீவிலிருந்து வெளியேற்றிய பணம் கடற்கரைச் சுற்றுலாவில் ஈட்டியது. எனினும் 1980இல் பிரிட்டனின் கலை மன்றத்தின் ஆதரவில் வெளிவந்த மாங்க்ஸ் மக்களைப் பற்றிய அவருடைய நூல் உழவு, கடல், கல், முதுமை ஆகியவற்றின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. பந்தயத்துக்கு வந்தவர்களையும் அவர் 1971இல் எடுத்திருக்கிறார். அந்தப் படங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தனியாக வெளிவந்தன. மறைந்துகொண்டிருந்ததைத் தேர்ந்தெடுத்து எடுத்தார் என்பது அந்த வேலையின் வலிமை. அதுவே அதன் ஒருபக்கச் சார்பும்கூட.

இன்னொன்று, ‘கெல்டிய’ என்ற சொல்லையும் இந்தத் தீவில் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். 1266 வரை இது நார்வேயின் மேலாண்மைக்கு உட்பட்டு, நார்ஸ் (வைகிங்) மன்னர்களால் ஆளப்பட்டது. டின்வால்ட், ஸ்னேஃபெல் இரண்டுமே நார்ஸ் பெயர்கள். தீவின் பழைய சிலுவைக் கற்களில் கெல்டியப் பின்னல்களும் ரூன் எனப்படும் பழைய நார்ஸ் எழுத்துகளும் ஒரே கல்லில் இருக்கின்றன. கார்லெட் என்ற குடும்பப் பெயரைப் பிரித்தால் முன்னே கெல்டிய ‘மேக்’ இருக்கிறது, பின்னே ஒரு நார்ஸ் பெயர். தூய கெல்டிய இரத்தத்தைத் தேடி வருபவர்களுக்கு இந்தத் தீவு ஏமாற்றத்தையே தரும். கில்லிப் தன் நூலை மாங்க்ஸ் மக்களைப் பற்றியது என்று மட்டும் அழைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது.

பிறகு அவர் நியூகாசிலுக்குச் சென்றதும், 1991 முதல் 2017 வரை ஹார்வர்டில் கற்பித்ததும், 2020இல் மறைந்ததும் எளிதில் கிடைக்கும் தகவல்கள்தாம். நீங்கள் நூலைத் தேடினால் 1980ஆம் ஆண்டுப் பதிப்பு அரிது, விலையும் அதிகம். ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் முன்பு வெளிவராத படங்களையும் சேர்த்து மிக நல்ல அச்சில் கொண்டுவந்த புதிய பதிப்பை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் படங்களின் அடியிலுள்ள பெயர்களைப் படிக்காமல் புரட்டுங்கள். இரண்டாம் சுற்றில் பண்ணைப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புரட்டுங்கள்.