புற்றுநோய் படிப்படியாகத்தான் பரவுகிறதா? – கேள்வி பதில்

கேள்வி: புற்றுநோய் தோன்றிய இடத்தில் வளர்ந்து, பிறகு நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சை) பிடித்து, கடைசியில்தான் மற்ற உறுப்புகளுக்குப் போகும் என்கிறார்கள். இது சரியா, ஐயா?

பதில்: நூறாண்டுக்கு முன் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றினார். ஆனால், அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1971இல் தொடங்கிய ஆய்வில், தசைகளை விட்டுவைத்துச் சிகிச்சை பெற்ற பெண்களின் ஆயுள் அதனால் குறையவில்லை என்பது 25 ஆண்டுக் கண்காணிப்பில் உறுதியானது. பெருங்குடல் புற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான, சிறியதேயாயினும் முக்கியமான ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு, நெறிக்கட்டியில் இருந்த புற்றும் தொலைதூர உறுப்பில் இருந்த புற்றும் மூலக் கட்டியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியே புறப்பட்டவையாக இருந்தன. இருந்தாலும் நோயின் தீவிரத்தை நெறிக்கட்டி காட்டிக்கொடுப்பதால், அதைப் பரிசோதிப்பது இன்றும் அவசியமே.

கேள்வி: ரத்தம் உடல் முழுதும் ஓடுகிறது, புற்று மட்டும் ஏன் சில உறுப்புகளையே பிடிக்கிறது?

பதில்: இதே கேள்வியைத்தான் 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் கேட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளில், கல்லீரலில் புற்று இருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் 17 பேர் மட்டுமே. இரண்டுக்கும் ஒரே தமனியின் கிளைகள்தான் ரத்தம் கொண்டுசெல்கின்றன. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். அதற்காக ரத்தம் ஓடும் பாதையை ஒதுக்கிவிட முடியாது. குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் குடல்புற்று பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்குகிறது. எலும்பில் மண்ணின் பங்கு பளிச்சென்று தெரியும்: அங்கே சேர்ந்த மார்பகப் புற்றுச் செல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன, எலும்பு கரையும்போது அதில் புதைந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் பொருள்கள்) வெளிவந்து புற்றுக்கே உணவாகின்றன. சொலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் இந்தச் சுழற்சியைத்தான் தடுக்க முயல்கின்றன.

கேள்வி: ரத்தத்தில் புற்றுச் செல் கலந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

பதில்: இல்லை. ரத்த ஓட்டத்தின் இழுவிசையும் நோயெதிர்ப்புச் செல்களும் அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. எலிகளின் ரத்தத்தில் செலுத்திய புற்றுச் செல்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இரண்டு வாரங்களுக்குப் பின் எஞ்சின. கொத்தாகச் சேர்ந்து பயணிப்பவைதான் கவலைக்குரியவை. எலிகளிடம் அவை தனிச் செல்லைவிடப் பல மடங்கு எளிதாகப் புதிய கட்டியை உண்டாக்கின.

கேள்வி: ஊசி குத்திப் பயாப்ஸி (சோதனைக்கான சதைத் துணுக்கு) எடுத்தால் புற்று பரவிவிடுமா?

பதில்: அப்படி நேர்வது மிக அரிது. பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து.

கேள்வி: கட்டியை அகற்றிப் பத்தாண்டு கழித்து என் அம்மாவுக்கு எலும்பில் வந்திருக்கிறது. ஏதாவது கவனக்குறைவா?

பதில்: அப்படி எண்ண வேண்டாம், அம்மா. கட்டி சிறிதாக இருந்த நாளிலேயே சில செல்கள் வெளியேறி, எலும்பு மஜ்ஜையில் பெருகாமல் உறங்கிக் கிடந்திருக்கலாம். பெருகும் செல்களைக் குறிவைக்கும் கீமோதெரபிக்கு அவை எளிதில் சிக்குவதில்லை. ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு வரை தரக் காரணம் இந்த உறக்கம்தான்.